கட்டியங்காரன் பாட்டும் சிவப்புக் கரைத் துண்டும்

பிள்ளைகளே, தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் இதை அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலையாளத்தில் நீங்கள் புலி என்று எனக்குத் தெரியும். ஆனால் வாசித்துக் காட்டுகிறவர் நடுவில் தொண்டையைச் செருமி நிறுத்தினால் விட்டுவிடாதீர்கள். எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கொச்சித் தமிழ்ச் சமாஜத்து ஆண்டு மலரில் குழந்தைகள் பக்கத்துக்கு எழுத வேண்டும் என்று செக்ரட்டரி என்னைத் தேடி வந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். மட்டாஞ்சேரியில் குடை ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கம்பி வளைந்தால் நிமிர்த்துவேன், துணி கிழிந்தால் மாற்றுவேன். என்னை எதற்கு எழுதச் சொல்கிறார்கள் என்று பார்த்தால், விஷயம் அந்தப் பாட்டு.

"அண்ணே, இந்த வருஷம் விழாவே நம்ம பாட்டுக்குத்தானே. உங்க அப்பாவைப் பார்த்துத்தானே அது உண்டாச்சு. நீங்க எழுதினா அதுக்கு ஒரு தனி கௌரவம். இனிப்பா நாலு பக்கம் எழுதுங்க. பிள்ளைங்க சிரிச்சுகிட்டே படிச்சு முடிக்கணும்."

நம்ம பாட்டாம். எந்தப் பாட்டு என்று நான் சொல்லவே வேண்டாம். 'ரா ரா ரா ராஜா வ வ வ வாரார், பா பா பா பாயை வி வி விரிங்க.' வாசிக்கும்போதே உங்கள் கால் ஆடியிருக்கும். ஆடட்டும், உங்கள் மேல் தப்பில்லை. உங்களுக்கு முன்னால் ஊரே ஆடியிருக்கிறது.

சமாஜம் ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிறந்த பாட்டு அது. மறுநாளே பள்ளிக்கூடங்களுக்குப் போனது. அப்புறம் மிமிக்ரிக்காரர்கள் கையில் சிக்கியது. கொச்சியில் பத்துப் பேர் கூடினால் அதில் ரெண்டு பேர் மிமிக்ரிக்காரர்கள், மிச்சம் எட்டுப் பேர் மிமிக்ரி செய்யப் பார்த்துத் தோற்றவர்கள். அவர்கள் அதை மலையாளத்தில் மாற்றி, ராஜாவுக்குப் பதில் மந்திரியைப் போட்டு, கோயில் உற்சவம், சர்ச்சுப் பெருநாள் என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லா மேடையிலும் பாடினார்கள். பிறகு கேசட் வந்தது. பிறகு ஏதோ ஒரு படத்தில் ரெண்டு வரி வந்தது. அந்தப் படத்தில் திக்குகிறவன் வாய் திறந்தால் யாராவது அவன் மண்டையில் தட்டுவார்கள். தட்டினால் சொல் வெளியே வந்துவிடும். தியேட்டர் கைதட்டும். மண்டையில் தட்டினால் சொல் வரும் என்று நம்புகிற ஆட்களோடுதான் நான் இத்தனை வருஷம் குடித்தனம் செய்கிறேன்.

அதோடு விட்டதா? போன் மணியாக வந்தது. இப்போது கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உள்ளே நுழைவதே அந்தப் பாட்டுக்குத்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாலு தோழன்மார் முன்னால் குனிந்து பாய் விரிக்கிற மாதிரி பாவனை செய்ய, அவர் இடுப்பை ஒடித்து ஒடித்து வருகிறார். இடப்பள்ளியில் ஒரு மாலில் செருப்புக் கடைக்காரன் 'த த த தள்ளுபடி' என்று அதே ராகத்தில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறான். போனில் பார்த்தால் ஒரு பூனைக்குட்டி அதற்கு ஆடுகிறது. இருக்கிறவர்களில் அந்தப் பூனைக்குட்டி ஒன்றின் மேல்தான் எனக்குக் கோபம் இல்லை.

இனி அந்தப் பாட்டு எப்படி உண்டானது என்று சொல்கிறேன். கடற்கரையில் அலைச் சத்தம் கேட்டு நாடக வாத்தியாருக்கு அது மனதில் உதித்தது என்று அவர் குடும்பத்தார் சொல்கிறார்கள். மேடையில் நின்ற இடத்தில் தானாக வாயில் வந்தது என்று பாடி நடித்த தபாலாபீஸ் மாமாவின் குடும்பத்தார் சொல்கிறார்கள். பாட்டு யாருக்குச் சொந்தம் என்று ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அலையும் இல்லை, உதிக்கவும் இல்லை. ரெண்டு நாரங்கா முட்டாய்க்கு விற்கப்பட்ட பாட்டு அது. விற்றவன் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா ஒரு சுக்கு குடோனில் எண்ணுகிறவர். எண்ணுவது ஒரு வேலையா என்று கேட்பீர்கள். மூட்டைகள் குடோனை விட்டு வெளியே போய்க் கரையில் நிற்கும் வள்ளத்தில் ஏறும்போது, வாசற்படியில் ஒருவர் நின்று எண்ண வேண்டும். சும்மா எண்ணினால் போதாது. முதுகில் பாரம் ஏற்றி வரிசையாக வருகிற சுமட்டுக்காரர்களின் கால் அந்த எண்ணிக்கைக்கு நடக்க வேண்டும். அதனால் ராகம் போட்டு எண்ணுவார்கள். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லக் கூடாது. 'லாபம்' என்றுதான் சொல்ல வேண்டும்.

"லாபமே... லாபம். ரெண்டே... ரெண்டு. மூணே... மூணு."

இழுக்கிற இடத்தில் ஒரு கால், முடிக்கிற இடத்தில் மறு கால். இருபது ஆனதும் அப்பா கீழே கிடக்கும் ஒரு சுக்குத் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போடுவார். மறுபடியும் லாபத்திலிருந்து ஆரம்பிப்பார். வேலை முடிந்ததும் பையில் எத்தனை துண்டு என்று பார்த்தால் எத்தனை இருபது என்று தெரிந்துவிடும். அந்தத் துண்டுகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவரலாம். அது எண்ணுகிறவருக்கு உள்ள பாத்தியதை. சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் வீடு முழுக்கச் சுக்கு மணக்கும். எனக்கு முதலில் தும்மல் வரும், பிறகு பசி வரும். அம்மா அதைத் தட்டிப் போட்டுக் காப்பி வைப்பாள்.

அப்பாவுக்குத் திக்குவாய். லேசான திக்கல் இல்லை, பலமான திக்கல். சாயாக்கடையில் சாயா என்று கேட்க முடியாமல் விரலைக் காட்டுவார். என் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் நான் அவர் முன்னால் போய் நின்றுவிடுவேன். ஆனால் அந்தப் படியில் நின்று ராகம் எடுத்தால் ஒரு தட்டல் கிடையாது, ஒரு முட்டல் கிடையாது. காலையிலிருந்து உச்சி வரை எண்ணுவார். தண்ணீர் மாதிரி வரும்.

சுமட்டுக்காரர்களில் மூத்தவர் அம்மாவிடம் ஒருநாள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்: "சேட்டன்டெ எண்ணம் கேட்டால் பாரம் அறியில்லா, சேச்சி." அப்பா எண்ணுவதைக் கேட்டுக்கொண்டு நடந்தால் முதுகில் இருக்கும் மூட்டை கனக்கவில்லையாம். இதைவிடப் பெரிய பட்டம் இந்த ஊரில் யாருக்கும் கிடைத்ததில்லை. பொன்னாடை வாங்கினவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் மட்டும் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கஷ்டமான சொல் ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தால், தொடையில் ரெண்டு விரலால் மெல்ல மூன்று முறை தட்டிக்கொள்வார். சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது இலைக்குக் கீழே, வேட்டி மடிப்புக்குள் தட்டுவார். வெளியாட்கள் முன்னால் செய்யவே மாட்டார். அது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பில் சுமார், பந்தில் சுமார். எனக்கு நன்றாக வந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா மாதிரி திக்குவது. போட் ஜெட்டியில் பையன்களைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்து காட்டுவேன். உருண்டு உருண்டு சிரிப்பார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் இன்றைக்கு நம் செக்ரட்டரி. என் வயதுக்காரர்களே, நீங்களும் அங்கே இருந்தீர்கள். மறந்துபோச்சு என்று சொல்லாதீர்கள். பாட்டு ஒரு வரி விடாமல் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது மட்டும் எப்படி மறக்கும்?

அந்த வருஷம் சமாஜத்து நாடகம் ராஜா கதை. பாட்டு, ஆட்டம், அட்டைக் கிரீடம் எல்லாம் உண்டு. வாத்தியார் என்று பெயரே ஒழிய அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. ஆர்மோனியம் வைத்திருந்தார், அதனால் வாத்தியார். நாடகம் இழுத்துக்கொண்டு போகிறது, சிரிப்புக்கு ஒன்றுமில்லை என்று அவருக்கு ஒரே கவலை. யாரோ என்னைப் பற்றிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒத்திகையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்தில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"டேய், குடோன்காரர் மகனே. நீ என்னமோ செஞ்சு காட்டுவியாமே? செய் பார்ப்போம்."

செய்தேன். தபாலாபீஸ் மாமா தரையில் உட்கார்ந்து சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. இறைச்சிக் கடையில் நிற்கிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"உங்கப்பா எண்ணுறது ஒரு ராகம் உண்டல்லே, அதைப் பாடு."

பாடினேன். ஆர்மோனியத்தில் பிடித்துக்கொண்டார்.

"சரி. இப்ப அந்த ராகத்திலேயே திக்கு."

"வாத்தியாரே, ராகத்தில அப்பா திக்க மாட்டார்."

"திக்கினா என்ன, செத்தா போவார்? திக்குடா."

ஜிப்பாவிலிருந்து ரெண்டு நாரங்கா முட்டாய் எடுத்து ஆர்மோனியத்தின் மேல் வைத்தார். ஆரஞ்சுச் சுளை மாதிரி இருக்கும், மேலே சர்க்கரை ஒட்டியிருக்கும். நான் ராகத்தில் திக்கினேன். அப்பா வாழ்நாளில் ஒரு தடவைகூடச் செய்யாததை நான் செய்து காட்டினேன். கூலிக்கு மேல் வேலை செய்கிறவன் மாதிரி, யாரும் கேட்காமலே, தொடையில் ரெண்டு விரலால் மூன்று முறை தட்டியும் காட்டினேன்.

"ஹா! அதுதான் வேணும்," என்றார் தபாலாபீஸ் மாமா.

முட்டாய் புளிப்பாக இருந்தது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நாடகம் மத்தியானம் மூன்று மணிக்கு. எர்ணாகுளத்திலிருந்து வருகிற உறவுக்காரர்கள் போட் பிடித்துத் திரும்ப வேண்டும் என்பதால் நம் நாடகங்கள் எல்லாம் வெளிச்சத்தில்தான் நடக்கும். அப்பா துவைத்த சட்டை போட்டிருந்தார். துவைத்தாலும் அதில் சுக்கு வாசனை போகாது. மூன்றாவது வரிசையில் அம்மா, அப்பா, நான்.

காட்சி இதுதான். கட்டியங்காரன் முன்னால் வந்து ராஜா வருகிறார் என்று அறிவிக்க வேண்டும். காகிதத் தலைப்பாகை கட்டிக்கொண்டு தபாலாபீஸ் மாமா வந்தார். 'ரா ரா ரா' என்று ஆரம்பித்தார். ராஜா இந்தப் பக்கம் நுழைந்து, நடந்து, அந்தப் பக்கம் வெளியே போய்விட்டார். மாமா இன்னும் 'ரா ரா ரா'. ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். ஆமாம், சிரித்தார். ஊரில் திக்குவாய்க்காரர் அவர் ஒருவர் மட்டுமா? பிறகு பாட்டு வந்தது. ராகம் வந்ததும் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோனது. எண்ணுகிற ராகம். ஆனாலும் அது குடோன்காரர்கள் எல்லாருக்கும் பொது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அப்போது தபாலாபீஸ் மாமா, 'வ' என்ற எழுத்துக்கு முன்னால், ரெண்டு விரலைத் தூக்கி ஊருக்கே தெரிகிற மாதிரி தொடையில் மூன்று முறை தட்டினார்.

அப்பா மேடையைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

அவ்வளவுதான். ஒரு மூட்டை படியைக் கடக்கிற நேரம். மறுபடியும் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டுபிடிக்கவில்லை, தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். பத்து வயதில் அவ்வளவு மக்கு நான்.

ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்று கத்தினார்கள். நம் சமாஜத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, இன்றைக்கும் விடவில்லை. ஒன்ஸ் மோர் விழுந்தால், யாரைப் பார்த்து அந்த வேஷம் போட்டார்களோ அவரை மேடைக்கு அழைத்து ஒரு துண்டு போர்த்துவார்கள். துண்டு போர்த்தினால் கணக்குத் தீர்ந்தது, அதற்கு மேல் அவர் கோபப்படக் கூடாது. முதலில் அடித்துவிட்டு, அப்புறம் மாலை போட்டு, அடி வாங்கினவன் வாயாலேயே நன்றி சொல்ல வைக்கிற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகானின் படமும் ஹாலில் மாட்டியிருக்கிறது. விழாவுக்கு வரும்போது நன்றாகப் பாருங்கள்.

வாத்தியார் மைக்கைப் பிடித்தார். "நம்ம சுக்கு குடோன் அண்ணாச்சி மேடைக்கு வரணும்!"

பின்னாலிருந்து ரெண்டு பேர் அப்பாவைத் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். அம்மா அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். விட்டுவிட்டாள். மேலே சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டைப் போர்த்தினார்கள். மைக்கை வாய்க்கு முன்னால் நீட்டி, "ரெண்டு வார்த்தை" என்றார்கள்.

அப்பா நன்றி என்று சொல்லப் பார்த்தார். ஒரே ஒரு சொல்.

"ந... ந... ந..."

ஹால் வெடித்தது. அவர் நடிப்போடு சேர்ந்து நடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். என்ன பெரிய மனசு, என்ன தமாஷ்! தபாலாபீஸ் மாமா பக்கத்தில் வந்து நின்று தானும் 'ந ந ந' என்றார். வாத்தியார் அதற்கு ஆர்மோனியம் வாசித்தார். மூன்று பேர் கச்சேரி. அப்பாவுக்கு அந்தச் சொல் வரவே இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினார். நாடகத்தின் ஆகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

வழியெல்லாம் ஆட்கள் அவர் முதுகில் தட்டினார்கள். "அண்ணாச்சி, ஒரு கோபம் உண்டா பாரு மனுஷனுக்கு! இதல்லவோ குணம்!" கோபம் இல்லை என்று எப்படித் தெரிந்தது? அவர் சொல்லவில்லை, அதனால் இல்லை. பேச முடியாதவனிடம் கோபம் இருக்காது என்பது நம் பெரியவர்கள் கண்டுபிடித்த சாஸ்திரம்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், அந்தச் சிவப்புக் கரைத் துண்டால் அம்மா உலைப் பானையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். நாலே நாளில் அது கரித்துணி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "ஐயோ, சமாஜத்துத் துண்டல்லே இது?" என்றாள்.

"ஆமா. நல்லா சூடு தாங்குது," என்றாள் அம்மா.

நாடகத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசப்பட்டது அந்த ஒரு வரிதான்.

குடோனில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அடுத்த வள்ளம் வந்தது. அப்பா படியில் நின்று, "லாபமே..." என்று இழுத்தார். வரிசையில் ஒரு இளவட்டம் அதே ராகத்தில், "ரா ரா ரா ராஜா" என்று முடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். வெறுப்பில் செய்யவில்லை, பிரியத்தில்தான் செய்தார்கள். அப்பா மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் ராஜா வந்தார். பதினேழா பதினெட்டா என்ற இடத்தில் அப்பாவுக்கு ராகம் அறுந்தது. ராகம் அறுந்ததும் எண் தொண்டையில் மாட்டிக்கொண்டது. முதல் தடவையாக, அந்தப் படியில் நின்று, அவர் திக்கினார். நான் முட்டாய்க்காகச் செய்து காட்டினேனே, அச்சு அசல் அதே மாதிரி. அவர் திக்கி முடிப்பதற்குள் மூன்று மூட்டை தாண்டிப் போய்விட்டது.

பாரம் தெரியவில்லை என்று சொன்ன அந்த மூத்தவர், இளவட்டத்தை மூட்டையோடு தள்ளிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்ன பிரயோஜனம்? எண்ணிக்கை ரெண்டு தடவை தப்பிய பிறகு முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, மரியாதையாகத்தான், "சேட்டன் இனி உள்ளில் இருந்நால் மதி" என்றார். உள்ளே உட்கார்ந்தால் போதும், எண்ண வேண்டாம். கையில் கோணி ஊசியைக் கொடுத்தார்கள். அப்பா அன்றிலிருந்து சாக்கு வாய் தைத்தார். ராகம் இல்லை. அவர் பிறகு எண்ணி நான் கேட்டதே இல்லை.

சட்டைப் பையில் சுக்கும் இல்லை. தைக்கிறவருக்கு அந்தப் பாத்தியதை கிடையாது. ஆணியில் மாட்டின சட்டையில் சணல் நாற்றம் அடித்தது. எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் குடோன் முற்றத்தில் கிடந்த ஒரு சுக்குத் துண்டை எடுத்துக்கொண்டு வந்து, யாரும் பார்க்காதபோது அப்பா சட்டைப் பையில் போட்டேன். காலையில் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். காலையில் அது என் பள்ளிக்கூட நோட்டின் மேல் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

கோபத்தில் திருப்பிக் கொடுத்தார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தான் எண்ணாத சுக்கை வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தேன். சேர்த்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

செக்ரட்டரி கேட்ட நாலு பக்கம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். இனிப்பாக இல்லை என்று தெரியும். ஆனால் அவர் வீட்டுக்கு வந்தது எழுதச் சொல்ல மட்டும் இல்லை.

என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கும் திக்கும். தாத்தா அளவுக்கு இல்லை, ஆனாலும் திக்கும். உங்களில் சிலர் அவள் வகுப்பில்தான் இருக்கிறீர்கள். பெஞ்சுக்குப் பின்னால் இருந்து 'ரா ரா ரா' பாடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன். எழுத எனக்கு என்ன யோக்கியதை?

செக்ரட்டரி சாயாவை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "விழாவில பிள்ளைங்க அந்தப் பாட்டுக்கு ஆடுது. கட்டியங்காரன் வேஷம் நம்ம மோளுக்கு. வேற பிள்ளைங்க செஞ்சா நடிப்பு மாதிரி இருக்கும். இவள் செஞ்சா தானா வரும், அல்லே? தாத்தாவோட பாட்டைப் பேத்தி பாடுறா! ஆட்கள் கண்ணுல தண்ணி வந்துடும். கடைசியில உங்களுக்கும் மோளுக்கும் துண்டு."

என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதில் பாதி சாயா மிச்சம் இருந்தது. மட்டு மரியாதை தெரிந்தவள், இதுவரை அப்படிச் செய்ததில்லை.

அவர் போன பிறகு மகளிடம் கேட்டேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"செ-செய்றேன் அப்பா. மே-மேடையில செஞ்சா எல்லாரும் ஒரு தடவை நல்லா சி-சிரிச்சுடுவாங்க. அ-அப்புறம் விட்டுடுவாங்க."

பிள்ளைகளே, ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கை யார் கற்றுக் கொடுத்தது? நாம்தான். துண்டு போர்த்தினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற நாம்.

அன்றைக்கு அவளை உட்காரவைத்து, இங்கே எழுதியிருப்பதை எல்லாம் சொன்னேன். ஒரு தடவை சிரித்தால் விட மாட்டார்கள், மகளே, நாற்பது வருஷம் ஆகியும் விடவில்லை, செருப்பு விற்கிறவன்கூட விடவில்லை என்றேன். முட்டாயையும் சொன்னேன், தொடையில் தட்டியதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. அவளும் தொடையில்தான் தட்டிக்கொள்வாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள், "தாத்தா எ-எப்படி எண்ணுவார்?" என்று கேட்டாள்.

அப்பா போன பிறகு நான் அந்த ராகத்தை வாயில் எடுத்ததில்லை. அன்றைக்கு எடுத்தேன். அவள் தரையில் கிடந்த குடைக் கம்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, கூடவே எண்ணினாள். லாபமே லாபம். ரெண்டே ரெண்டு. இருபது வரை ஒரு இடத்தில்கூட முட்டவில்லை. அவளே ஆச்சரியப்பட்டுத் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் அவளை மேடையில் எண்ணச் சொல்லலாமே, நல்ல ஐட்டம் ஆகுமே என்று யாராவது சமாஜத்தில் யோசனை சொல்வீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். வாயை மூடிக்கொள்ளுங்கள். அது மேடைக்கு உள்ளது இல்லை.

நேற்றுச் சாயங்காலம் செக்ரட்டரி போன் பண்ணினார், ஒத்திகைக்கு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கையை நீட்டினாள். கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டாள். ரெண்டு விரலால் தொடையில் மூன்று முறை தட்டினாள். மறைக்கவில்லை.

"மா-மாமா, நான் வ வ வ வ..."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஆஹா! அதுதான் மோளே, அதேதான்! அப்படியே மேடையில சொல்லணும்! டேய், இதைக் கேளுங்கடா..." கூட யாரோ நாலு பேர் இருந்திருக்கிறார்கள். அவர்களும் சிரித்தார்கள். ஒருவன் ராகத்தோடு பாடினான்.

நான் போனைப் பிடுங்கப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். நிறைய நேரம் ஆனது. சத்தம் அடங்கி, "ஹலோ, மோளே?" என்று கேட்டதும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. அந்தச் சொல்லுக்கு எத்தனை 'வ' வேண்டுமோ அத்தனையும் போட்டு, கடைசி எழுத்து வரை சொல்லி முடித்தாள்.

"வ வ வ வ வ வரலை."